முகங்களும் ஒரு மாதிரிதான்: முக அழகு ஆய்வில் கருதுகோள் சோதனை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியல், புள்ளியியல், கணினித் துறை மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு எடுக்கும் தலைப்புகளில் முக அழகு அடிக்கடி வருகிறது. ஒரு கூகுள் படிவம், அதில் எட்டுப் பத்துப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் 1 முதல் 7 வரை எண்கள். வாட்ஸாப் குழுக்களில் அனுப்பினால் இரண்டு நாளில் 200 பதில் வந்துவிடும். தரவு சுலபமாகக் கிடைக்கிறது. அதை வைத்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பதில்தான் தடுமாற்றம். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நேரம் இல்லாதவர்கள் மீசை பற்றிய கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. ஆளுக்கு ஆள் மாறுகிற அழகை எப்படி அளப்பது?

நாம் அளப்பது முகத்தை அல்ல, முகத்தைப் பார்த்தவர் சொன்ன தீர்ப்பை. அளவுகோலே இல்லாத ஒன்றையும் இரண்டிரண்டாக எதிரே வைத்து "இதில் எது?" என்று கேட்டுக்கொண்டே போனால், அந்தப் பதில்களிலிருந்தே ஓர் அளவுகோலைக் கட்டலாம் என்று அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் தர்ஸ்டன் 1927-இல் காட்டினார். இன்றைய ஒப்பீட்டு முறைகளுக்கு அதுதான் வேர்.

ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்பதையும் அளக்கலாம். 2000-இல் ஜூடித் லாங்லாய்ஸ் குழுவினர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மதிப்பிட்டவர்களின் ஒப்புதலுக்கு நம்பகத்தன்மை (1 என்றால் முழுமை) 0.9-ஐ ஒட்டி வந்தது. இதைப் பார்த்துவிட்டு "எல்லோருக்கும் ஒரே ரசனை" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அது தவறு. 0.9 என்பது பலருடைய சராசரியின் நம்பகத்தன்மை. 20 பேரின் சராசரி 0.9-ஐ எட்டுவதற்கு, அவர்களில் எந்த இருவரை எடுத்தாலும் ஒட்டுறவு, அதாவது அவர்கள் மதிப்பெண்கள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு, 0.31 இருந்தாலே போதும். 0.31 என்பது ஒன்றும் பெரிய ஒற்றுமை இல்லை.

2006-இல் யோஹானஸ் ஹோனெகோப் இதைப் பிரித்துக் கணக்கிட்டார். பொது ரசனைக்கும் தனி ரசனைக்கும் ஏறக்குறையச் சம பங்கு என்று வந்தது. 2015-இல் 547 ஜோடி ஒற்றைக்கரு இரட்டையரையும் 214 ஜோடி இருகரு இரட்டையரையும் வைத்து நடந்த ஆய்வு இன்னொரு படி மேலே போனது. அந்தத் தனி ரசனை பெரும்பாலும் மரபணுவிலிருந்து வரவில்லை. ஒரே வீட்டில் சேர்ந்து வளர்ந்ததிலிருந்தும் வரவில்லை. ஒவ்வொருவருக்கும் தனியே வாய்த்த அனுபவங்களிலிருந்து வருகிறது. ஆக, காக்கைப் பழமொழி பாதி சரி.

படிவத்தில் என்ன சொல்லைப் போடுவது? அழகா, கவர்ச்சியா?

புள்ளியியல் கேள்வி இல்லை என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். சோதனையின் முடிவு இந்த ஒரு சொல்லிலேயே மாறிவிடலாம்.

ஆங்கிலக் கட்டுரையில் உள்ள சொல்லுக்கு அகராதியைப் பார்த்து ‘கவர்ச்சி’ என்று போடுகிறார்கள். தமிழில் கவர்ச்சி என்றால் பலருக்கும் சினிமா போஸ்டர்தான் நினைவுக்கு வரும். ஐம்பது வயது அம்மா ஒருவர் அந்தக் கேள்விக்கு 1 போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். ‘லட்சணம்’ என்றால் பெண் பார்க்கப் போன வாடை வருகிறது; மூக்கும் முழியுமாக, அடக்கமாக இருப்பதும் அதில் கலந்துவிடும். ‘அழகு’ ஓரளவு பொதுவானது. ‘களை’ முற்றிலும் வேறு. முகத்தில் தெரியும் உயிர்ப்பு அது.

"கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்" என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும் வாக்கியம் அது. ஆனால் அந்த ‘இருந்தாலும்’ சோதிக்கத்தக்க ஒரு கருதுகோள். நிறம் அழகைக் குறைக்கும், களையைக் குறைக்காது என்று சொல்பவர் நம்புகிறார். ஒரே முகங்களைக் கணினியில் நிறம் மட்டும் மாற்றி இரண்டு தொகுதியாக்குங்கள். பங்கேற்பாளர்களில் சமவாய்ப்பு முறையில் பாதிப் பேரிடம் "எவ்வளவு அழகு?" என்றும், மீதிப் பேரிடம் "எவ்வளவு களை?" என்றும் கேளுங்கள். நிறத்தின் விளைவு சொல்லைப் பொறுத்து மாறுகிறதா என்பதுதான் சோதனை. இதை இடைவினை என்பார்கள். யாராவது இதை எடுத்துச் செய்தால் மனமார மகிழ்வேன்.

இந்த ஆய்வெல்லாம் எங்கே தொடங்கியது?

1870-களின் இறுதியில், லண்டனில். ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் சிறைக் கைதிகளின் புகைப்படங்களை ஒரே தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார். குற்றவாளிக்கென்று ஒரு முகம் தெரியும் என்று எதிர்பார்த்தார். கிடைத்ததோ, தனித்தனி முகங்கள் எதையும்விடப் பார்க்க நன்றாக இருந்த ஒரு சாதாரண மனிதரின் முகம். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதை 1878-இல் அவரே அச்சில் சொன்னார். அந்த நேர்மையைப் பாராட்டலாம். 1883-இல் ‘யூஜெனிக்ஸ்’ (யார் பிள்ளை பெறலாம் என்று தேர்ந்தெடுத்து மனித இனத்தை ‘மேம்படுத்தலாம்’ என்பது) என்ற சொல்லையும் கொள்கையையும் உருவாக்கியவரும் அவர்தான் என்பதை மறக்காமல் பாராட்ட வேண்டும். முகத்தை அளக்கும் துறைக்கு அந்தக் கறை பிறப்பிலேயே இருக்கிறது.

சரியான சோதனை வர நூறாண்டுக்கு மேல் ஆனது. 1990-இல் லாங்லாய்ஸும் லோரி ராக்மனும் 96 ஆண், 96 பெண் முகங்களைக் கணினியில் 2, 4, 8, 16, 32 என்று கலந்தார்கள். 16-க்கும் 32-க்கும் வந்தபோது கலவை முகம் தனி முகங்களின் சராசரியைவிட அழகானதாக மதிப்பிடப்பட்டது. "கலக்கும்போது பரு, தழும்பு எல்லாம் மறைந்து தோல் வழுவழுப்பாகிறது, அதனால்தான்" என்ற எதிர்ப்பு உடனே கிளம்பியது, நியாயமான எதிர்ப்புதான். 1994-இல் டேவிட் பெரெட் குழு இன்னொரு கேள்வி கேட்டது. 60 பேரின் சராசரி முகத்தையும், அவர்களில் அதிக மதிப்பெண் பெற்ற 15 பேரின் சராசரி முகத்தையும் எதிரெதிரே வைத்தார்கள். இரண்டாவதே வென்றது. ஆகவே ‘சராசரிதான் அழகு’ என்பதோடு கதை முடியவில்லை.

இன்மைக் கருதுகோள் என்பதை இந்தத் தலைப்பில் எப்படி எழுதுவது?

ஒரு சின்ன சோதனை வைத்துக்கொள்வோம். ஒரு தனி முகம், ஒரு கலவை முகம். 20 பேரிடம் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். 15 பேர் கலவை முகத்தைத் தேர்ந்தார்கள். "இரண்டுக்கும் வேறுபாடு இல்லை, ஒவ்வொருவரும் நாணயம் சுண்டியதுபோல்தான் தேர்கிறார்கள்" என்பது இன்மைக் கருதுகோள். அது உண்மையானால் 20-இல் 15 அல்லது அதற்கு மேல் ஒரு பக்கம் விழ நிகழ்தகவு 0.0207. எந்தப் பக்கமும் விழலாம் என்பதால் இரட்டிப்பாக்கினால் 0.041. இதுதான் பி மதிப்பு.

பலர் இதை "கலவை முகம் அழகில்லை என்பதற்கு 4 சதவீத வாய்ப்பு" என்று எழுதுகிறார்கள். இல்லை. வேறுபாடே இல்லாத உலகில் இப்படிப்பட்ட தரவு எவ்வளவு அரிது என்று மட்டுமே அது சொல்கிறது. புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷரின் தேநீர்ச் சோதனையும் (கோப்பையில் பால் முதலில் ஊற்றியதா, தேநீர் முதலிலா என்று ருசித்துச் சொல்வது) இதே வகைதான்: 8 கோப்பையில் பால் முதலில் ஊற்றிய 4-ஐக் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல 70-இல் 1 வாய்ப்பு.

1 முதல் 7 வரையிலான மதிப்பெண்ணுக்கு டி-சோதனை போடலாமா, வில்காக்சன்தான் போட வேண்டுமா?

டி-சோதனை சராசரிகளை ஒப்பிடும், வில்காக்சன் சோதனை தரவரிசையை மட்டும் பார்க்கும். இந்த ஒரு கேள்வியில் மாணவர்கள் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். 5-க்கும் 6-க்கும் உள்ள தூரமும் 2-க்கும் 3-க்கும் உள்ள தூரமும் ஒன்றா என்று தெரியாது, உண்மைதான். ஆனால் பல மதிப்பெண்களின் சராசரியை எடுத்த பிறகு இரண்டு சோதனையும் பெரும்பாலும் ஒரே திசையைத்தான் காட்டும். எதைப் போடுவது என்று தரவு வருவதற்கு முன்பே எழுதிவைத்துவிட்டு மேலே போங்கள். இதைவிடப் பெரிய பிரச்சினைகள் காத்திருக்கின்றன.

இணைச் சோதனையா, தனித்தனிக் குழுச் சோதனையா?

ஒரே ஆள் இரண்டு நிலையையும் மதிப்பிட்டிருந்தால் இணைச் சோதனை. சிலர் எல்லோருக்கும் 5, 6 என்று தாராளமாகப் போடுவார்கள். சிலர் 3-ஐத் தாண்டவே மாட்டார்கள். வேறுபாட்டை மட்டும் எடுத்தால் இந்தத் தாராளமும் கஞ்சத்தனமும் கழிந்துவிடும். 2014-இல் டிரூ வாக்கரும் எட்வர்ட் வுலும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். குழுப் படத்தில் இருக்கும் ஒரு முகத்தையும், அதையே தனியாக வெட்டி எடுத்ததையும் ஒரே ஆட்கள் மதிப்பிட்டார்கள். குழுவில் இருந்தபோது சற்றுக் கூடுதலாக விழுந்தது. மிகச் சிறிய வேறுபாடு அது. இணைத்துப் பார்க்காமல் விட்டிருந்தால் கண்ணில் பட்டிருப்பது சிரமம்.

மீசை வைத்த முகம் அதிகம் பிடிக்கிறதா என்று பார்த்தேன். 200 பேர் பதில் அளித்தார்கள், பி மதிப்பு 0.0001-க்கும் கீழே. இதற்கு மேல் என்ன வேண்டும்?

எத்தனை முகம் காட்டினீர்கள்?

இதைக் கேட்டதும் பெரும்பாலும் ஒரு மௌனம் வரும். மீசையோடு 4 பேர், மீசை இல்லாமல் வேறு 4 பேர், மொத்தம் 8 முகம் என்று பதில் வரும். இங்கேதான் முழு ஆய்வும் ஆட்டம் காண்கிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். மீசை உள்ள நால்வரின் சராசரி மதிப்பெண் 3.1, 4.0, 4.4, 5.3. மீசை இல்லாத நால்வருக்கு 2.7, 3.2, 3.9, 4.6. இரண்டு குழுவின் சராசரி 4.2, 3.6, வேறுபாடு 0.6. பதிலளித்த 200 பேரையும் அலகாக எடுத்து, ஆளாளுக்கு இந்த வேறுபாட்டின் திட்ட விலக்கம் (சிதறலின் அளவு) 0.8 என்று கொண்டால், டி மதிப்பு (தற்செயல் ஏற்ற இறக்கத்தைப்போல் வேறுபாடு எத்தனை மடங்கு என்பது) 10-க்கு மேல் போகும். பி மதிப்பு ஏறக்குறைய சுழியம். அதே தரவில் முகங்களை அலகாக எடுங்கள்: நால்வருக்கு எதிராக நால்வர். டி மதிப்பு 0.97, பி மதிப்பு 0.37. ஒன்றுமே இல்லை!

எது சரி? நீங்கள் எழுதப்போகும் வாக்கியத்தைப் பாருங்கள். "இந்த எட்டுப் பேரில் மீசை வைத்த நால்வரை நம் மாணவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது" என்று எழுதினால் முதல் கணக்கு சரி. "மீசை அழகைக் கூட்டுகிறது" என்று எழுதினால் இரண்டாவதுதான் சரி. எல்லோரும் எழுதுவது இரண்டாவது வாக்கியத்தை. போடுவது முதல் கணக்கை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது ஒரு பானைக்குத்தான். பொன்னி அரிசியும் ஐ.ஆர். 20-உம் எது ருசி என்று கேட்டு, ஆளுக்கொரு பானை வடித்து 200 பேருக்குப் பரிமாறினால், அந்த இரண்டு பானையைப் பற்றித் துல்லியமாகத் தெரிந்துகொள்வீர்கள். ஒன்று குழைந்துபோயிருந்தால்? இன்னும் ஆயிரம் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் அந்தக் குழைவு போகாது. இன்னும் பானைகள் ஏற்ற வேண்டும். அதே போலத்தான் முகங்களும். மீசை வைத்த நால்வரில் ஒருவர் தற்செயலாக நல்ல சிரிப்புக்காரர் என்றால், பதிலளிப்பவர்களை எவ்வளவு கூட்டினாலும் அந்தத் தற்செயல் கூடவே வரும். மனிதர்கள் ஒரு மாதிரி, அதாவது பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த ஒரு கூறு. முகங்களும் ஒரு மாதிரி. இரண்டு பக்கமும் கூறெடுத்திருக்கிறீர்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த பிழையும் இல்லை. மொழியியல் சோதனைகளில் சொற்களை வைத்து இதே தவறு நடப்பதை ஹெர்பர்ட் கிளார்க் 1973-இலேயே எழுதிக் காட்டினார். சமூக உளவியலில் படங்களுக்கும் முகங்களுக்கும் இது பொருந்தும் என்று ஜட், வெஸ்ட்ஃபால், கென்னி மூவரும் 2012-இல் மறுபடி எழுத வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டு இடைவெளி! அதனால் உங்கள் புராஜெக்ட்டில் இது நேர்ந்தால் வெட்கப்பட வேண்டாம், திருத்திக்கொண்டால் போதும்.

சரி, அதை எப்படித் திருத்துவது?

முதல் வழி வடிவமைப்பில் இருக்கிறது. ஒரே ஆளை மீசையோடு ஒரு படம், மழித்த பிறகு அதே வெளிச்சத்தில், அதே சட்டையில் இன்னொரு படம் எடுங்கள். அப்போது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கழிந்துவிடும். ஒரே பங்கேற்பாளர் இரண்டையும் பார்க்காதபடி படங்களை இரண்டு தொகுதியாகப் பிரித்துக் கொடுங்கள். நால்வர் போதாது; முப்பது நாற்பது பேராவது தேவை. நண்பர்களைத் தேடி மழிக்கச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் 200 பதிலை 400 ஆக்குவதைவிட, 4 முகத்தை 30 ஆக்குவதே உங்களுக்குப் பயன் தரும்.

இரண்டாவது வழி பகுப்பாய்வில் இருக்கிறது. ஆளுக்கு ஆள், முகத்துக்கு முகம் உள்ள ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தே கணக்கிடும் கலப்பு விளைவு மாதிரியில் பங்கேற்பாளரையும் முகத்தையும் இரண்டு தனித்தனிச் சமவாய்ப்புக் காரணிகளாகச் சேர்க்க வேண்டும். ஆர் மென்பொருளில் எல்எம்இ4 என்ற தொகுப்பு இதைச் செய்யும்; இலவசம். எக்செல்லில் வேண்டாம்.

அப்புறம், படங்களின் வரிசையை ஒவ்வொருவருக்கும் கலைத்துக் கொடுங்கள். ஒரு முகத்துக்குப் போடும் மதிப்பெண் அதற்கு முன் போட்ட மதிப்பெண்ணின் பக்கம் சாய்கிறது என்று 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே வரிசை என்றால் அந்தச் சாய்வும் எல்லோருக்கும் ஒரே பக்கம்.

தங்க விகிதம் உள்ள முகம்தான் அழகு என்கிறார்களே?

1.618 என்ற எண்ணை முகத்தில் தேடுவதற்கு நல்ல சான்று எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. 2010-இல் பேலட், லிங்க், லீ மூவரும் ஒரே முகத்தில் கண்களுக்கு இடையே உள்ள தூரத்தையும், கண்ணிலிருந்து வாய் வரை உள்ள தூரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சோதித்தார்கள். விருப்பத்தின் உச்சம் வந்த இடம் முக அகலத்தில் 46 சதவீதம், முக நீளத்தில் 36 சதவீதம். அவை சராசரி முகத்தின் அளவுகளே. தங்க விகிதம் அங்கே தலைகாட்டவில்லை.

இந்தத் தலைப்பில் பெரிய ஆபத்து வேறு. முகத்தில் 14 விகிதங்களை அளந்து, ஒவ்வொன்றுக்கும் 5 சதவீத மட்டத்தில் (பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் தேறியது என்று கொண்டு) ஒரு சோதனை போட்டால், அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், எதிலும் உண்மை இல்லாதபோதும் ஒன்றாவது ‘தேறிவிட’ 51 சதவீத வாய்ப்பு. அந்த ஒன்றை மட்டும் எடுத்துத் தலைப்பிட்டு எழுதினால் கண்டுபிடிப்பு போலத்தான் இருக்கும். போன்ஃபெரோனி திருத்தம் போடுங்கள், அதாவது 5 சதவீதத்தைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்து வரம்பைக் கடுமையாக்குங்கள். அதைவிட நல்லது, அதையே படிப்படியாகச் செய்யும் ஹோம் முறை. எல்லாவற்றையும்விட நல்லது, 14-ஐயும் அறிக்கையில் காட்டிவிடுவது.

பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்து, பெரிய பத்திரிகையில் வெளியான முடிவும் தவறாகப் போகுமா?

போயிருக்கிறது. 2007-இல் சடோஷி கனசாவா என்பவர், அழகான பெற்றோருக்குப் பெண் குழந்தை அதிகம் பிறக்கிறது என்று எழுதினார். அமெரிக்காவில் சுமார் 3000 பேரிடம் எடுத்த நேர்காணல் தரவு. நேர்காணல் செய்தவரே 1 முதல் 5 வரை அழகு மதிப்பெண் போட்டிருந்தார். 5 பெற்றவர்களின் குழந்தைகளில் 56 சதவீதம் பெண், மற்றவர்களுக்கு 48 சதவீதம். சோதனை தேறியது.

ஆண்ட்ரூ கெல்மனும் டேவிட் வீக்லியமும் 2009-இல் இதை எடுத்து அலசினார்கள். முதல் கேள்வி: 5-ஐ மட்டும் தனியே பிரித்து மற்ற நான்கோடு ஒப்பிட்டது ஏன்? வேறு விதமாகவும் பிரித்திருக்கலாமே. ஐந்து நிலைகளையும் அப்படியே வைத்துப் பார்த்தால் முடிவு தேறவில்லை. அடுத்த கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது: இந்த வேறுபாடு நம்பத்தக்க அளவா? ஆண் பெண் பிறப்பு விகிதம் சாதாரணக் காரணங்களால் ஒரு சதவீதப் புள்ளிகூட மாறுவது அரிது. அவ்வளவு சிறிய விளைவைப் பிடிக்கப் பல லட்சம் பிறப்புகள் வேண்டும். 3000 பேரில் அதைத் தேடினால், தேறும் எந்த முடிவும் உண்மையைப்போலப் பல மடங்கு ஊதியதாகத்தான் இருக்கும்; திசைகூடத் தலைகீழாக இருக்கலாம். பீப்பிள் இதழின் ‘மிக அழகான 50 பேர்’ பட்டியல்களை 1995 முதல் 2000 வரை எடுத்து அவர்களின் குழந்தைகளையும் எண்ணினார்கள். 329 குழந்தைகளில் 157 பெண்கள், 47.7 சதவீதம்; பெண் குழந்தை கூடுதலாக இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாதவிடாய்ச் சுழற்சியில் எந்த நாள் என்பதைப் பொறுத்துப் பெண்களின் முக ரசனை மாறுகிறது என்று 1999-இல் வந்த ஆய்வு பாடநூல்கள் வரை போனது. 2018-இல் 584 பெண்களை, ஹார்மோன் அளவோடு சேர்த்துப் பல முறை சோதித்தபோது ஏற்கத்தக்க சான்று கிடைக்கவில்லை. முன்பு அந்தக் கருத்துக்கு ஆதரவான ஆய்வுகளை வெளியிட்ட ஆய்வாளர்கள் சிலரே இந்த இரண்டாவது ஆய்வையும் செய்தார்கள் என்பது எனக்கு மரியாதையாகத் தெரிகிறது.

எனக்குப் பி மதிப்பு 0.056 வந்திருக்கிறது. வேறுபாடு இல்லை என்று எழுதவா?

வேண்டாம். 30 பேர், சராசரி வேறுபாடு 0.4, திட்ட விலக்கம் 1.1 என்றால் பி மதிப்பு அப்படித்தான் வரும். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது தரவோடு ஒத்துப்போகும் வேறுபாடுகளின் எல்லை, −0.01 முதல் 0.81 வரை. ஒன்றுமில்லை என்பதும் இதற்குள் இருக்கிறது, முக்கால் புள்ளி வேறுபாடும் இருக்கிறது. "இந்தத் தரவால் முடிவு சொல்ல இயலவில்லை" என்று இடைவெளியோடு எழுதுங்கள். இன்னும் நாலு பேரைச் சேர்த்து 0.049 ஆனதும் நிறுத்துவது மட்டும் கூடாது.

முகப் படங்களுக்கு எங்கே போவது? வகுப்புத் தோழிகளின் படங்களை வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஒருவர் தன் முகத்துக்கு 2.7 விழுந்திருப்பதை வாட்ஸாப்பில் பார்க்க நேர்வது எந்தப் புராஜெக்ட்டுக்கும் தகாது. அனுமதி வாங்கியிருந்தாலும், தெரிந்த முகத்தைத் தெரிந்தவர்களே மதிப்பிடும்போது பழக்கம், பொறாமை, நட்பு எல்லாம் கலந்துவிடும்; தரவும் கெடும். ஆய்வுக்கென்றே ஒப்புதலோடு எடுத்த படத்தொகுப்புகள் இருக்கின்றன. சிகாகோ முகத் தொகுப்பின் இந்தியப் பகுதியில் டெல்லியில் எடுத்த 142 பேரின் முகங்கள் உள்ளன; ஆய்வுக்கு இலவசம். நம் ஊர் முகங்களின் பன்மை அதில் முழுமையாக வராது என்பதை அறிக்கையில் குறிப்பிடுங்கள்.

நிறம் பற்றிச் சோதிப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருங்கள். இந்த நாட்டில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ தன் பெயரை மாற்றிக்கொண்டது 2020-இல்தான். சென்னையின் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு ‘கறுப்பே அழகு’ என்ற பொருளில் இயக்கம் தொடங்கியது 2009-இல். சிவப்பு நிறத்துக்கு அதிக மதிப்பெண் விழுந்தால், மதிப்பிட்டவர்கள் எதைப் பார்த்து வளர்ந்தார்கள் என்பதன் அளவு அது. "சிவப்பு நிறம் அழகானது என நிரூபிக்கப்பட்டது" என்று எழுதினால், சோதிக்காத ஒன்றைச் சொல்கிறீர்கள்.

செயலியில் செல்ஃபி போட்டால் அழகு மதிப்பெண் வருகிறதே, அதை நம்பலாமா?

இப்படிப்பட்ட கணிப்பு மாதிரிகளுக்கு ஆய்வுலகில் பயன்படும் ஒரு தொகுப்பில் 5500 முகங்கள் இருக்கின்றன. மதிப்பிட்டவர்கள் 60 பேர். இயந்திரம் கற்றுக்கொள்வது அந்த 60 பேரின் சராசரியை. மேலே சொன்ன கணக்கில் ரசனையில் பாதி தனிப்பட்டது. சராசரி எடுக்கும்போது முதலில் கழிவது அந்தப் பாதிதான். போன வருடம் ஒரு மாணவி தனக்கு 4.9 வந்ததாக வாடிய முகத்தோடு சொன்னாள். யார் மதிப்பிட்டார்கள், எத்தனை பேர், எந்த ஊர், என்ன சொல்லால் கேட்டார்கள் என்று நான்கு கேள்வி எழுதிக் கொடுத்து, செயலியின் பக்கத்தில் பதில் தேடச் சொன்னேன். ஒன்றுக்கும் பதில் இல்லை என்று மறுநாள் வந்து சொன்னாள். இப்போது அவள் மீசைப் புராஜெக்ட்டுக்கு முப்பத்திரண்டு முகங்கள் சேர்த்துவிட்டாள், இன்னும் எட்டு வேண்டுமாம்.